படலீங்க

நேற்று எங்கள் குடியிருப்பு வாசலில் இஸ்திரி வண்டிக்காரர் யாருடைய கம்பளிக் கோட்டையோ தேய்த்துக்கொண்டிருந்தார். ஊட்டிக்குப் போகிறவர்களுடையதாக இருக்கும். சூடேறிய கம்பளி வாசம் மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. உங்களுக்கு அது துணி வாசம். எனக்கு அது பீளமேட்டில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்னூக்கர் கிளப்.

மேசையில் இழுத்துக் கட்டியிருக்கும் பச்சைத் துணியும் கம்பளிதான். ஆட்டத்துக்கு முன்னால் அதைப் பெட்டி போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த வேலையைக் கிளப் நடத்திய ராசண்ணன் யாரிடமும் விடமாட்டார். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சட்டைக்கை பந்தில் லேசாக உரசினாலும், யாருமே பார்க்காவிட்டாலும், ஆடுகிறவன் தானே கையைத் தூக்கி, "பட்டுருச்சுங்க" என்று சொல்லிவிட வேண்டும். மழுப்பினால் ஒரு வாரம் மாடிப்படி ஏறக்கூடாது. நான் ஒருமுறை மழுப்பி, கீழே காயில் கடைக்காரர்களோடு ஒரு வாரம் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

தினேஷும் நானும் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே சைக்கிளில் அங்கே போவோம். என் அம்மா முதல் தோசையை அவனுக்குத்தான் போடுவார். எனக்குப் பிய்ந்ததுதான் வரும்.

ஆசிய ஜூனியர் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஆட்டங்கள் எங்கள் ஊரிலேயே நடந்தன. கடைசி ஆட்டத்தில் நாங்கள் இருவரும்தான். ஜெயிப்பவன் போவான். நான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோவே எடுத்து வைத்திருந்தேன், அவ்வளவு நம்பிக்கை! மாமாவின் கல்யாணக் கோட்டை வெட்டித் தைத்த கறுப்பு வெயிஸ்ட்கோட் வேறு. அதைப் பார்த்த ஒரு பெரியவர் என்னிடம், "தம்பி, ரெண்டு காபி கொண்டாங்க" என்றார்.

கடைசி ஃப்ரேமில் மேசையில் இளஞ்சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் மட்டுமே மிச்சம். நான் கொஞ்சம் முன்னால் இருந்தேன். தினேஷ் கறுப்புப் பந்துக்கு மேலாக எட்டிக் குனிந்தான். அவன் சட்டைக்கை பட்டுப் பந்து துளி அசைந்தது. கறுப்பில் பட்டால் தப்பாட்டம், ஏழு புள்ளி எனக்கு வரவேண்டும். ஆட்டமும் ஏறக்குறைய என் கையில். நான் எழுந்து சொன்னேன். எதிர்ப்பக்கம் நின்ற நடுவர் பார்க்கவில்லை போல, அவனிடமே கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்.

"இல்லீங்க. படலீங்க."

எங்கள் ஊரில் பொய்யையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வோம். மண்ணாய்ப்போன நான் அங்கேதான் கோட்டைவிட்டேன். "பட்டுச்சுய்யா! கண்ணு தெரியலயா?" என்று நடுவரிடம் கத்திவிட்டேன். கூட்டமே முகம் சுளித்தது. பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று யாரோ சொன்னார்கள். அதோடு பந்தைப் பற்றிய பேச்சு முடிந்தது, என் வாயைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது.

ராசண்ணன் மேசையை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். பந்து அசைந்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவரிடம் ஓடினேன்.

"எனக்கு மறைச்சுருச்சு கண்ணு," என்றார். பிறகு தோளைத் தட்டி மெல்ல, "யாரு போனா என்ன, நம்ம கிளப் பையன்தானே போறான்," என்றார்.

பார்க்காதவருக்கு எதற்கு அந்த இரண்டாவது பேச்சு?

தினேஷ் இரண்டு பந்தையும் போட்டு ஜெயித்தான். மறுவாரம் அவனுக்குப் பழக்கம் கொடுக்க ராசண்ணன் என்னையே கூப்பிட்டார். மானங்கெட்டுப் போனேன். மாடியில் நாங்கள் இருவர் மட்டும். நடுவில் அவன் சட்டென்று நிமிர்ந்து கையைத் தூக்கினான்.

"பட்டுருச்சுடா. சிவப்புதான், உனக்கு நாலு."

கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கினேன். அப்புறம் ஏறவே இல்லை.

அவன் போன இடத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான். சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். இன்று அந்த மாடியில் ஜிம் நடக்கிறது. ராசண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். போன தையில் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் தினேஷ் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். குழந்தைகளை விசாரித்தான். நான் பொறுக்கமாட்டாமல் அந்தக் கறுப்புப் பந்தைப் பற்றிக் கேட்டேன். அப்பளத்தை நொறுக்கியபடி யோசித்தான்.

"எந்த மேச்சுங்க அது?"

அவன் நடித்ததாகத் தெரியவில்லை. நிஜமாகவே மறந்திருந்தான். அந்தப் பந்து அசைந்ததற்கு இனி நான் ஒருவன்தான் சாட்சி.