பிஎச்பியைத் தெரிவு செய்தவன் நான்தான்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படியிருந்தும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் கட்டினேன். கொட்டாஞ்சேனையில் கேக் பேக்கரி போட்டேன். யுத்தம், மின்வெட்டு, சுற்றிவளைப்பு, என் மச்சான்மார் எல்லாவற்றையும் மீறித்தான். கடைசியாக, இலண்டனில் மகன் பணம் கட்டினால் பம்பலப்பிட்டியில் தாயின் கைக்குப் பிறந்தநாள் கேக் போய்ச் சேரும் இணையத்தளத்தையும் கட்டினேன். இப்போது அந்தத் தளத்தில், 'தொழில்நுட்பத்தைத் தெரிவு செய்தவர் முகாமையாளர்' என்று ஒரு வரி கிடக்கிறது. முகாமையாளர் என்றால் என் மருமகன். எழுதியதும் அவரேதான்.

நடந்தது இது. எஞ்சினியரிங் படித்த மருமகன், தளத்தை எழுத இரண்டு பெடியன்களை லொட்ஜுக்குக் கூட்டிவந்தார். ஒருவன் சப்பாத்துப் போட்டிருந்தான், மற்றவன் செருப்பு. சப்பாத்துக்காரன் ஜாவா என்றான். செருப்புக்காரன் பிஎச்பி என்றான். வாங்குகிறவர் பார்ப்பது முன்பக்கமாம். ஓடரை எடுத்துப் பேக்கரிக்கு அனுப்புவது பின்பக்கமாம். ஷோகேசும் குசினியும் என்று சொன்னால் முடிந்தது. பின்பக்கத்தை எந்தக் கொம்பியூட்டர் மொழியில் எழுதுவது என்று பின்னேரம் முழுக்கச் சண்டை.

என் லொட்ஜில் இருந்தவர்கள் எல்லாரும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். ஆகவே நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தம்பி, விசாவுக்குப் போட்டிருக்கிறீரோ?"

"ஓம் ஐயா, அவுஸ்திரேலியாவுக்கு. ஜாவா தெரிஞ்சால் சுகமாக் கிடைக்கும்," என்றான் சப்பாத்து.

"நீர் போனாப் பிறகு குசினியில ஆர் சமைக்கிறது?"

"வேற ஜாவாக்காரன் வருவான்."

"அவனும் போவான்." செருப்பைப் பார்த்தேன். "உமக்கு?"

"ரெண்டு தரம் றிஜெக்ட், ஐயா."

"நல்ல சகுனம். உம்மை மாதிரி இன்னும் ஆக்கள் இருக்கினமோ?"

"கொட்டாஞ்சேனைக் கொம்பியூட்டர் வகுப்பு முழுக்க பிஎச்பிதான்."

மருமகன் தலையில் கை வைத்தார். "மாமா, விசாவைப் பாத்து மொழி எடுக்கிறதை உலகத்தில ஒருத்தரும் செய்யமாட்டினம்."

"உலகத்தில எத்தினை பேருக்கு வெள்ளவத்தையில லொட்ஜ் இருக்கு?"

பின்பக்கம் அப்படி முடிந்தது. முன்பக்கத்தில் பிளாஷ் போட்டு, மெழுகுதிரி எரிய எரிய கேக் சுழல வேண்டும் என்று செருப்பு ஆசைப்பட்டான். எங்கள் தொலைபேசி லைனில் திறந்து பார்த்தோம். நான் தேத்தண்ணி குடித்து முடித்தும் மெழுகுதிரி வரவில்லை. "சுத்துற கேக்கை ஆரடா வெட்டுறது?" என்று கேட்டுவிட்டு, சாதாரண எச்டிஎம்எல் போதும் என்றேன். விலாசம் எழுதாமல் ஓடரை அனுப்ப விடாதபடி மட்டும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். அம்மா இப்போது எந்த லொட்ஜில் இருக்கிறா என்று தெரியாமலே கேக் அனுப்பும் பிள்ளைகள் அந்தக் காலத்தில் அதிகம்.

தளம் ஓடத் தொடங்கியது. மூன்றாம் தரம் செருப்புக்கு விசா கிடைத்து, அவன் கனடாவுக்குப் பறந்துவிட்டான். சப்பாத்து இன்றைக்கும் கொழும்பில்தான் இருக்கிறான்.

"உங்கட சகுனம் பிளேன் ஏறிட்டுது, மாமா," என்று மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் கொட்டாஞ்சேனை வகுப்புக்குப் போய் அடுத்தவனைக் கூட்டிவந்தேன். அவன் போனதும் இன்னொருவன். ஒவ்வொருவனும் வந்து இருந்து, முன்னவன் எழுதியதை வாசித்து, வேலையைத் தொடர்ந்தான். ஒரு தாய்க்கும் கேக் பிந்தவில்லை. ஆளில் பிழை விட்டேன், மொழியில் விடவில்லை.

மருமகனே, இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அந்த வரியை அழித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். குசினிக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். ஷோகேசில், கேக்குக்கு மேலே.