பெட்டியில் வைத்த நீல நோட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். கேட்பவர்களிடம் நான்கு என்பேன். ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நாட்குறிப்பை எரித்தவள் நான்!

தீக்குச்சி கிழிக்கவில்லை. ஆனாலும் எரித்தது நான்தான்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்த எழுத்தாளர் அம்மா தனியாகக் குடியிருந்தார். கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய்ச் சமைத்துக் கொடுத்தேன். மேடம் என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் பேச்சு பாசார் மலாயில்தான், கடைத்தெருவில் பேசும் கொச்சை மலாய். காலையில் தேநீரோடு உட்கார்ந்தால் எழுதிக்கொண்டே இருப்பார். அச்சுக்கு எழுதுவது வேறு. இது தனக்கென்று எழுதுவது. பூக்கடையில் சரம் தொடுக்கும் விதம், தைப்பூசத்துக்கு நான் விரதம் இருப்பது, மீன் குழம்பில் புளியை எப்போது ஊற்றுவது... எல்லாம் அதில் ஏறும். யார் பெயராவது வந்தால் நோட்டை என் பக்கம் திருப்புவார். தமிழில் நானே எழுத வேண்டும். அதில் எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா!

ஒரு மழை நாளில் சேகரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். என் மூன்றாவது மகன். போதைத் தூள் விற்றுச் சிறைக்குப் போனவன்; அங்கேயே காய்ச்சலில் செத்தவன். ஊருக்கு அப்போது நாங்கள் சொன்னது, ஆஸ்திரேலியாவில் வேலை என்று... அவன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதும், பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றதும் நான்தான். மேடமிடம் மட்டும் அவன் பிறந்ததிலிருந்து சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினார். பிறகு நோட்டைத் திருப்பினார். சேகர் என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அந்த நீல நோட்டு என் தூக்கத்தைக் கெடுத்தது. நாளைக்கு யாராவது படித்தால்?

மேடம் இறந்தபோது பிரான்சிலிருந்து அவருடைய அண்ணன் மகள் வந்தாள். செத்தவருக்குப் பிடித்ததைப் பெட்டியில் வைத்து அனுப்புவது நம் வழக்கம். என் மாமனாருக்குச் சுருட்டு வைத்தோம். பக்கத்து வீட்டு டீச்சர் இதை அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, என்னிடம் திரும்பினார்.

"நீங்களே வைங்கலா அக்கா. அவங்களுக்கு உங்கள விட்டா இங்க யாரு?"

அலமாரி நிறைய நோட்டுகள். என் கை நேராக நீலத்துக்குப் போனது... மல்லிகைச் சரத்தைச் சுற்றி அவர் கைக்கடியில் வைத்தேன். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்பு என்று நினைத்தாள்! நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சுடுகாட்டில் பெட்டியோடு நோட்டும் எரிந்தது.

மற்ற நோட்டுகள் பிரான்சில் புத்தகமாக வந்துவிட்டன. போன மாதம், பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் நம் பெண் ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் வீட்டுக்கே வந்தாள்.

"நம்ம ஆளுங்க வீட்டுக்குள்ள எப்படி வாழ்ந்தாங்கன்னு இப்படி யாரும் எழுதல பாட்டி. ஆனா ஒரு வருஷ நோட்டு மட்டும் காணோம்."

"நான் என்னத்தக் கண்டேன்? சமையக்காரி."

"அடுத்த நோட்டுல ஒரு வரி இருக்கு. 'அஞ்சலையையும் அவள் மகனையும் போன வருடமே முழுதாக எழுதிவிட்டேன். நான் எழுதியதிலேயே உண்மையானது அதுதான்'னு... எந்த மகன் பாட்டி?"

காப்பி போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அந்தப் புத்தகத்தில் இப்போது என் மீன் குழம்பு இருக்கிறது; என் கதை இல்லை. அது போகட்டும். சேகர் நடை பழகியது, சளி பிடித்தால் என் மடியை விட்டு இறங்காதது, முதன்முதலாக என்னிடமே திருடியது... ஒன்றுவிடாமல் இருந்தது அந்த நோட்டில்தான். எனக்கே பாதி மறந்துவிட்டது. திருப்பிக் கேட்க அவரும் இல்லை.

சிறையில் செத்தவனுக்குக் கொள்ளி வைக்க நாங்கள் யாரும் போகவில்லை. பின்னால் நான்தான் வைத்தேன், அந்தப் பெட்டிக்குள்.

மன்னிப்பை யாரிடம் கேட்பது? மேடமிடமா? அவனிடமா? உங்களிடமா?... தெரியவில்லை.

இதை எழுதி முடித்துப் பேத்தி தேவியிடம் நீட்டினேன். இப்படியொரு மாமன் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"மொதல்லருந்து வாசி கண்ணு. தப்பு இருக்கான்னு பாக்கணும்."

முதல் வரியிலேயே நிறுத்தினாள். "பாட்டி, நாலு பிள்ளைங்கதானே? அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க."

"தப்பில்ல. சத்தமா வாசி."