பாவாடைக் கரையில் வெடிமருந்து

எங்கள் மூத்தோர் சங்கத்தில் மாதத்தில் ஒரு புதன்கிழமை படம் போடுவார்கள். மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் கவுன்சில் மண்டபம் ஒன்று. ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் லாப்டொப்பைக் கொண்டுவந்து, படத்தைச் சுவரில் விழுத்துவார். முடிந்ததும் தேத்தண்ணி. தேத்தண்ணியோடு ஒருவர் எழும்பிப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் நித்திரை கொண்டுவிடுவதால் மாஸ்டர் வைத்த சட்டம் அது. முறைவைத்து வரும்.

அந்த மாதம் என் முறை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மெல்ல மெல்ல எழுதுவேன். இங்கிலீஷில் என் பெயரும் பஸ் இலக்கமும் தெரியும், அவ்வளவுதான். இதைச் சங்கத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. பதினொரு வருடம் கண்ணாடி போட்டுக்கொண்டு முன் வரிசைக் கதிரையில் இருந்திருக்கிறேன். அநேகமாகத் தமிழ்ப் படம்தான் என்றபடியால் கஷ்டம் வரவில்லை.

அன்று மாஸ்டர் கொண்டுவந்தது யூதர்களின் படம். ஹிட்லரின் ஆட்கள் அவர்களைக் கம்பிவேலிக்குள் அடைத்துக் கொன்ற காலத்துக் கதை.

“அந்தச் சனம் வாய் திறக்காமல் செத்தது எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். அப்பிடி இல்லை, உள்ளுக்குள்ள இருந்தே எதிர்த்தவை. பாருங்கோ” என்றார்.

படத்தில் பேசியது எங்களுக்குத் தெரியாத பாஷை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடத் தொடங்கியது. கதை சொல்ல வேண்டியதோ நான். எழும்பிப் போகவும் ஏலாது. எழுத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன்.

துவக்குக் குண்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை வாங்கப்படும் ஒரு பெண். பின்னேரம் பின்னேரம் வரிசையாக முகாமுக்கு நடத்திக் கூட்டிவருவார்கள். வழியெல்லாம் சேறு. மற்றப் பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்து நடந்தார்கள். இவள் மட்டும் சேற்றில் இழுபட விட்டுவிட்டு நடந்தாள். கை அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் தடவை காட்டியபோது எனக்குப் பிடிபட்டுவிட்டது: கரை மடிப்புக்குள் எதையோ வைத்துத் தைத்திருக்கிறாள்.

எனக்கு ஏன் பிடிபட்டது என்றால், நானும் அப்படி நடந்தவள். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பற்றறி கொண்டுபோகத் தடை. வீட்டு ரேடியோவுக்கு நாலு பற்றறியைக் கொண்டைக்குள் வைத்துச் சுற்றி, ஆமி சோதிக்கும் சென்றிச் சாவடியைத் தாண்டினேன். சோதிக்கிற ஆமிப் பெண் இடுப்பு, மடி, பை எல்லாம் தடவினாள். என் கைக்கு ஒரே எண்ணம்தான், கொண்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று. தொடவில்லை. தொட்டிருந்தால் அன்றோடு சரி.

படத்தில் பிறகு ஒரு கட்டடம் வெடித்தது; அவள் கொண்டுவந்தது வெடிமருந்து என்று அப்போது விளங்கியது. கைதிகள் கோடாலியோடும் சுத்தியலோடும் பாய்ந்தார்கள். நாய், சூடு, புகை. கடைசியில் விடியற்காலை, பனி. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி முற்றத்தைத் தாண்டி நடக்கிறாள். முன்னால் பெரிய வாசல். அதோடு சுவர் கறுப்பாகி, எழுத்து மட்டும் வந்தது. நடித்தவர்களின் பெயராக்கும் என்று நான் கைப்பையை எடுத்தேன்.

தேத்தண்ணி வந்தது. நான் எழும்பினேன்.

“அக்கா, விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. நான் நித்திரை கொள்ளேல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டனான்” என்றார் பின் வரிசையில் இருந்த கிழவர்.

“தெரியாத பாஷையைக் கண்ணை மூடிக் கேட்டவராம்!” என்றேன். சனம் சிரித்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கரை மடிப்புக்குள் வெடிமருந்து வந்ததைச் சொன்னேன். சேற்றையும் சொன்னேன். மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மருந்து அப்பிடியோ உள்ளுக்கு வந்தது? எங்க காட்டினவங்கள்? நான் எழுத்தை வாசிச்சுக்கொண்டிருந்திட்டன்.”

“காட்டினவங்கள் மாஸ்டர். மூண்டு தரம்.”

பிறகு முடிவையும் சொன்னேன். வாசல் திறந்தது, அவள் தப்பிப் போய்விட்டாள் என்றேன்.

 பக்கத்துப் பொயிண்ட் குக் பகுதியில் மகளோடு இருக்கும் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, என்னை விடப் பதினைந்து வயது இளையவள், மெதுவாகச் சொன்னாள்.

“இல்லக்கா. கடைசில எழுத்துல போட்டாங்களே. அன்னிக்குக் காலையிலயே அவள தூக்குல போட்டுட்டாங்கன்னு.”

“மனிசி நித்திரை!” என்று கிழவர் துடையில் அடித்துச் சிரித்தார். “என்னைச் சொல்லிப்போட்டுத் தானும் நித்திரை!”

எல்லோரும் சிரித்தார்கள். ஓம், கண்ணயர்ந்துவிட்டேன் என்றால் அதோடு முடிந்தது. பதினொரு வருடம் காப்பாற்றியது அப்படியே இருந்திருக்கும். ஆனால், அந்தப் பெண்ணைத் தூக்கில் போடும்போது நான் நித்திரை கொண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நித்திரை இல்லை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது” என்றேன். “ஒரு நாளும் தெரியாது. அந்த எழுத்தில என்ன இருக்கெண்டு ஆராவது சொல்லுங்கோ.”

சிரிப்பு நின்றது. மாஸ்டர் கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டார். பொயிண்ட் குக்காரி தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“வெடிமருந்து குடுத்தது யாரு, வாங்கினது யாருன்னு கேட்டு அடிச்சிருக்காங்க. ஒரு பேரு கூடச் சொல்லலையாம். அவ காட்டிக் குடுக்காததால சிலர் பிழைச்சு வந்தாங்களாம்.”

“அவளின்ர பேர்?”

“படத்துக்காக வெச்ச பேருதான்க்கா. நிஜத்துல அப்படிப் பல பொண்ணுங்களாம்.”

அந்த நடையை இரண்டாம் தரம் பார்த்தேன். பாவாடையின் கரை பிரிந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்துச் சோதித்திருக்கிறார்கள். முதல் தரம் நான் அதைக் காணவில்லை. நான் சென்றியைத் தாண்டி வீட்டுக்குப் போனவள். அவளும் போய்விடுவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

“மாஸ்டர், திரும்ப முதல் பகுதிக்குப் போங்கோ. அவள் சேத்தில நடக்கிற இடத்துக்கு” என்றேன்.

போட்டார். கிழவரும் முன்னுக்கு வந்து நின்றார். கீழே எழுத்து ஓடியது. இந்த முறை ஒருவரும் அதை வாசிக்கவில்லை.