பின்னல் ஊசியால் அளந்த ஒரு கிலோமீட்டர்

அந்த உத்தரவு வந்த அன்று என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். விஷயம் அதைவிடப் பெரியது. அலுவலகம் போய்வருவதற்கென்று எல்லோருக்கும் புதிதாக ஒரு படி கொடுக்கப்போகிறார்களாம். ஆனால் அரசுக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களில், அலுவலகத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்களுக்கு மட்டும் கிடையாதாம். கரோல் பாக்கிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவருக்கு உண்டு, லோதி ரோட்டிலிருந்து நடந்து போகிற இவருக்கு இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. அந்த இரண்டு அறை வீடு எங்களுக்குக் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதுவரை திருநெல்வேலியிலிருந்து யார் வந்தாலும், ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போய்விடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டவர் இவர்தான். அன்றோடு அந்தப் பேச்சு மாறிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேலே நிச்சயம் இருக்கும் என்றார். வெயில் காலத்தில் இரண்டுகூட இருக்கும் என்றார்.

இவர் இப்படிச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால் காலனியின் மதில். அதில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. யார் இடித்தது என்று யாருக்கும் தெரியாது, நாங்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தது. நுழைந்தால் ஒரு காலி மைதானம், அதைத் தாண்டினால் அலுவலகத்தின் பின்வாசல். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தால் ஐந்து நிமிஷத்தில் இவர் என் அடுக்களையில் இருப்பார்.

அந்த அரை மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லியாக வேண்டும். காலையில் இவர் பேப்பருக்குள் இருப்பார், சாயங்காலம் டிவிக்குள். மகள் ஸ்கூலிலிருந்து வர மூன்று மணி ஆகும். எனக்குத் தெரிந்த இந்தி, காய்கறிக்காரரிடம் விலை கேட்கப் போதும், மனசில் உள்ளதைச் சொல்லப் போதாது. மதியம் ஒரு மணிக்குத்தான் எனக்கென்று ஒரு மனுஷர் எதிரே உட்கார்ந்து, சுடுசோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டு, நான் சொல்வதையெல்லாம் கேட்பார். வாய் நிறையச் சோறு இருப்பதால் குறுக்கே பேசவும் மாட்டார்.

எங்கள் வரிசையில் இருந்த எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கொடுப்பதற்கு முன் நாமே ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாம் என்று இவருக்கு ஒரு யோசனை. ஓட்டை வழியாக அல்ல. காலனி வாசல் வழியாகப் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு, அலுவலகத்தின் முன்வாசல் வரைக்கும்.

கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்த சிநேகிதரிடம் முப்பது மீட்டர் டேப் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். அளக்கிற முறையையும் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். முன்னால் போகிறவர் டேப் முடிகிற இடத்தில் ஒரு கம்பியைத் தரையில் குத்த வேண்டும். பின்னால் வருகிறவர் அங்கே வந்து, அடுத்த நீளத்தை அளந்ததும், அந்தக் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்துக் கம்பி சேர்ந்தால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கம்பிகளை முன்னால் இருப்பவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். சரித்திரத்தில் பி.ஏ. முடித்தவர் இதை எனக்கு மூன்று தரம் விளக்கினார். எனக்கு முதல் தரமே புரிந்துவிட்டது.

கம்பிக்கு எங்கே போவது? டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அக்கா எனக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பின்னல் ஊசிகள் பத்தையும் இவர் எடுத்துக்கொண்டார். அதில் இரண்டு, பாதி முடிந்த ஸ்வெட்டரிலிருந்து உருவியவை. கோடு தப்பாமல் போவதற்காக, தூரத்தில் விளக்குமாற்றை நட்டு அதன் தலையில் என் சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் நாங்கள் இருவரும் லோதி ரோட்டில் இறங்கினோம்.

டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று சிநேகிதர் சொல்லியனுப்பியிருந்தார். முதல் நாலைந்து ஊசிவரை இவரும் அப்படித்தான் பிடித்தார். தொய்வாகப் பிடித்தால் தூரம் கூடுகிறது என்பதை அதற்குள் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் இவர் விட்டுப் பிடிப்பார், நான் என் முனையிலிருந்து வெடுக்கென்று இழுப்பேன். வளைவு வந்தால் உள்ளோரமாகப் போகாமல், கோயில் தேரைத் திருப்புகிற மாதிரி வெளியே அகலமாகச் சுற்றினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான்.

அலுவலக முன்வாசலை அடைந்தபோது கணக்குப் பார்த்தார். மூன்று கோடு, என் கையில் இரண்டு ஊசி, மீதி இருபத்திரண்டு மீட்டர். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. முகம் தொங்கிப்போய்விட்டது. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க கையில ஏழு இருக்கு, எங்கையில ரெண்டு. இன்னொண்ணு எங்கங்க?"

வந்த வழியே ஓடினோம். வேப்ப மரத்தடியில், ஒரு நாய் மோந்து பார்த்துக்கொண்டிருக்க, பத்தாவது ஊசி நின்றுகொண்டிருந்தது. அதையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிப் பன்னிரண்டு மீட்டர். இவர் அந்த ஊசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கப் பேச்சு. ரோட்டை அகலப்படுத்தப்போகிறார்கள் என்று பழ வண்டிக்காரர் சொன்னாராம். அது அடுத்த வரிசைக்குப் போவதற்குள் வீடுகளையே இடிக்கப்போகிறார்கள் என்று ஆகிவிட்டது. பஞ்சாபி அக்கா வந்து, முதலில் எந்த பிளாக்கை இடிப்பார்கள் என்று ரகசியமாகக் கேட்டார். இல்லை, இல்லை என்று நான் என் இந்தியில் விளக்கியதில் அவருடைய பயம் இன்னும் கூடிவிட்டது.

மனு போய்ச் சேர்ந்து, அதிகாரப்பூர்வமாக அளக்க ஆள் வந்தது. நிர்வாகப் பிரிவு அதிகாரி ஒருவர்; சிரிப்பதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்பவர்போல இருந்தார். கூடவே கைப்பிடி போட்ட சக்கரத்துடன் ஓர் ஓவர்சியர். உருட்டிக்கொண்டே போனால் சக்கரம் தானே எண்ணிக்கொள்ளும். ஊசி வேண்டாம், பெண்டாட்டியும் வேண்டாம். அலுவலக முன்வாசலில் தொடங்கி எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஆயிரத்துக்கு மேலே எட்டு மீட்டர். இவர் நெஞ்சு விரிய என்னைப் பார்த்தார். நான் காபி கலக்க உள்ளே போனேன்.

வீட்டுக்குப் பின்னால் நிழலில் நின்றுகொண்டே காபி குடித்தார்கள். குடித்து முடிப்பதற்குள் மணி ஒன்றாகிவிட்டது.

மதில் ஓட்டையிலிருந்து முதலில் ஒரு தலை வந்தது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர். நிமிர்ந்தவர் அதிகாரியைப் பார்த்து, நமஸ்தே சார் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் ஓடினார். பின்னாலேயே இரண்டாவது கையெழுத்து, மூன்றாவது கையெழுத்து. மனுவில் இருந்த வரிசையிலேயே ஒவ்வொருவராகக் குனிந்து வந்து, நமஸ்தே சொல்லிவிட்டுப் போனார்கள். யாரையும் இவரால் தடுக்க முடியவில்லை. அதிகாரி டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு ஓவர்சியரைப் பார்த்தார். அவர் சக்கரத்தைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு ஓட்டைக்குள் நுழைந்தார். அந்த வழியாக அளந்ததில் ஒரு கிலோமீட்டரில் பாதிகூட வரவில்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் அன்று இந்தியில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைக் காலனியே கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தது. "சார், இது வழி இல்லை, ஓட்டை. அரசாங்கத்துச் சக்கரம் ஓட்டைக்குள் போகலாமா?"

அதிகாரி நேர்மையான மனுஷர். யோசித்தார். அனுமதியில்லாத திறப்பைப் பாதை என்று அரசாங்கம் ஏற்றுக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். முறையான வழி ஒரு கிலோமீட்டருக்கு மேலே, எல்லோருக்கும் படி உண்டு. அனுமதியில்லாத திறப்பை உடனே அடைக்க வேண்டும். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதினார். இவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு குதித்தார்.

எங்கள் அடுக்களைக் குழாய் ஒழுகுகிறது என்று புகார் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியும் ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. ஓட்டையை அடைக்க மறுவாரமே செங்கல் வந்து இறங்கியது. மத்தியானத்துக்குள் பூச்சுவரைக்கும் முடித்துவிட்டார்கள்.

அன்று இவர் ரோட்டைச் சுற்றி ஓடிவந்து, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, திரும்ப ஓடினார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அதே அதிகாரி கூப்பிட்டு, உங்கள் வீடு ஒரு கிலோமீட்டருக்கு மேலே என்று நானே எழுதியிருக்கிறேன், அரை மணியில் எப்படிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டாராம். அதன்பிறகு காலையிலேயே டப்பாவில் தயிர்சாதம். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே டப்பாவைப் பைக்குள் வைப்பார்.

வரிசையில் எல்லோருக்கும் படி வந்தது. ஆனால் அந்த வீடுகளின் பெண்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான். எனக்கே இவர்மேல் அப்படி ஒரு கோபம். ஒரு மணி ஆனால் தட்டு ஒன்றுதான். குழம்பு சரியாக வந்தால் சொல்ல ஆள் இல்லை. யாரோடும் பேசாமல் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மகள் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் அழுதிருக்கிறேன்.

அப்படி ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது பின்னால் மதிலில் யாரோ கல்லால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏளா, இருக்கியா? தயிர்சாதம் தொண்டையில எறங்கல."

முக்காலியைப் போட்டு ஏறி, பாத்திரத்தில் சோறும் குழம்பும் போட்டு மதிலுக்கு மேலே நீட்டினேன். அந்தப் பக்கத்துக் கை வாங்கிக்கொண்டது. என் தட்டை எடுத்துவந்து இந்தப் பக்கம் மதிலை ஒட்டி உட்கார்ந்தேன். குழாய் ஒழுகுவது, மகளுக்கு வந்த மார்க்கு, பஞ்சாபி அக்காவின் பேச்சு, எல்லாவற்றையும் செங்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கோபம் மட்டும் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு. ரோட்டச் சுத்தி வாங்க, தாரேன்" என்றேன்.

பிறகு காலிப் பாத்திரம் மட்டும் மதிலுக்கு மேலே மெல்ல உயர்ந்து வந்து நின்றது. ரசத்தை எடுக்க உள்ளே ஓடினேன்.