ஞாயிற்றுக்கிழமை விழித்துக்கொண்ட கணினி

எவர்ட் லிண்ட்வால் தன் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆனாலும் நோர்ஷோப்பிங் நகரத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய அந்த மஞ்சள் குடியிருப்பில் அவர் பெயரைச் சொன்னால் எல்லா வீட்டுக்காரர்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். நிலவறையில் இருந்த பொதுச் சலவை அறை அவர் பொறுப்பில் இருந்தது.

காகித ஆலையில் தாளின் தடிமனை அளப்பது அவர் உத்தியோகம். ஆலையை மூடியதும் அளக்க வேறெதுவும் கிடைக்காமல் அண்டை வீட்டாரை அளக்கத் தொடங்கினார். யார் எந்த நேரத்துக்குப் பதிவு செய்தார்கள், முடிந்ததும் தரையைத் துடைத்தார்களா, துணி உலர்த்தியின் வடிகட்டியில் பஞ்சை விட்டுப்போனார்களா, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தப்புச் செய்தவரை நேரில் பார்த்தால் வானிலை பற்றித்தான் பேசுவார். முகத்துக்கு நேரே குறை சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைக்கிற ஊர் அது. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிச் சலவை அறைக் கதவில் ஒட்டிவிடுவார். ஒவ்வொரு சீட்டின் கடைசியிலும் ஒரே வாக்கியம்தான்: “அடுத்தவரையும் நினைத்துப் பார்ப்போமே.”

விதிகளில் அவருக்கு உயிர் போன்றது ஞாயிற்றுக்கிழமை விதி. சனி மாலை பூட்டினால் திங்கள் காலைதான் சலவை அறை திறக்கும். முதல் மாடியில் குடியிருந்த ஒரு மாணவி ஞாயிறன்று திரைச்சீலை துவைத்துவிட்டாள் என்று, பெயரைச் சொல்லாமல், ஆனால் திரைச்சீலையின் நிறத்தைச் சொல்லி, ஆண்டுக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியவர் அவர். அந்தப் பெண் அந்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அவர் நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது. யாருக்கும் வேண்டாத வியாழக்கிழமை காலை ஏழு மணியைத் தன் வீட்டுக்கென்று அவரே எடுத்துக்கொண்டார். பொறுப்பில் இருப்பவன் நல்ல நேரத்தைத் தனக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் மனைவி சோல்வேய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள். நேரத்தை எடுத்தவர் எவர்ட், துவைப்பவள் சோல்வேய்.

சலவை அறைக்குச் சுவரை ஒட்டினாற்போல் குடியிருப்புச் சங்கத்தின் அலுவலகம். அங்கே ஒரு மேசைக் கணினி. யாருக்கு எந்த நேரம் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகியிருந்தது. பகலில் விழித்திருக்கும், இரவில் தூங்கும், சனி மாலை தூங்கினால் திங்கள் காலைதான் கண்ணைத் திறக்கும். அப்படிப் பழக்கியவர் எவர்ட். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அவரும் ஒரு நல்ல தூக்கம் போடுவார். கீழே கணினி, மேலே எவர்ட், சலவை அறையில் பூட்டு. உலகம் ஒழுங்காக இருந்தது.

அந்த ஒழுங்கைக் கெடுக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாம் என்று திரையில் ஒரு செய்தி வந்தது. ஃபர்ம்வேர் என்பது கணினியின் அடிவயிற்றில் இருக்கிற மென்பொருள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம். செய்தியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் செய்யாமல் மிச்சம் இருக்கிற வேலை எதுவானாலும் எவர்ட்டுக்குச் செருப்புக்குள் கல் மாதிரி. போட்டுவிட்டார். கணினி இரண்டு முறை அணைந்து எழுந்தது. எவர்ட் திருப்தியாக மேலே போய் இலவங்கப்பட்டை பன்னும் காப்பியும் சாப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வீட்டுக் கதவில் ஒரு சீட்டு இருந்தது. எழுதியவர் சங்கத் தலைவி குனில்லா. “அன்புள்ள எவர்ட், நேற்று நாயைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தபோது அலுவலக ஜன்னலில் நீல வெளிச்சம் தெரிந்தது. கணினி ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறதா?” கீழே ஒரு சிரிக்கும் முகம். இத்தனை வருடத்தில் அடுத்தவருக்குச் சீட்டு ஒட்டித்தான் அவருக்குப் பழக்கம். தன் கதவில் ஒன்றைப் பார்த்ததும் காது மடல் சூடாகிவிட்டது.

வார நாட்களில் இரவெல்லாம் கணினி ஒழுங்காகத் தூங்கியது. ஞாயிறு மதியம் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. எவர்ட் இணையக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார். தூக்க நேரத்தை அழித்துப் புதிதாக எழுதினார். பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். முன்பின் தெரியாத ஆட்கள் முன்பின் தெரியாத ஆட்களுக்கு இணையத்தில் சொல்லியிருந்த வைத்தியத்தையெல்லாம் செய்தார். ஞாயிறு வந்தது, வெளிச்சமும் வந்தது, குனில்லாவின் சீட்டும் வந்தது.

மூன்றாவது மாடி பொன்டுஸ் அவரைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டான். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிற பிள்ளை. தொலைபேசியிலேயே சலவை நேரம் பதிவு செய்ய வேண்டும், ஞாயிறும் திறக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த ஊரில் வயது பார்க்காமல் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்கள்.

“அப்டேட் போட்டியாமே, எவர்ட்?”

“போட்டேன்.”

“யாராவது போடச் சொன்னாங்களா?”

“கம்ப்யூட்டர்தான் சொல்லிச்சு.”

“நல்லா ஓடிட்டிருந்ததை ஏன் தொட்ட? சரி விடு. ஏப்ரல்ல கூட்டம் இருக்கு, அங்க பேசிக்கலாம்.”

பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எவர்ட்டுக்குத் தெரியும். கூட்டத்துக்குள் கணினியைத் தூங்க வைக்காவிட்டால் சலவை அறைப் பொறுப்பு பொன்டுஸ் கைக்குப் போய்விடும். ஆலை போனபோது கூட அவர் இவ்வளவு பயப்படவில்லை. அங்கே அவரைப்போல் முந்நூறு பேர் இருந்தார்கள். இங்கே அவர் ஒருவர்தான்.

அதனால் தன் ஞாயிறு தூக்கத்தைத் தியாகம் செய்வதென்று முடிவெடுத்தார்.

“இன்னிக்கு மத்தியானம் கீழ போய் அது பக்கத்துலயே உக்காரப் போறேன்,” என்றார் சோல்வேயிடம்.

அவள் கையிலிருந்த தட்டு ஒரு கணம் நின்றது. “எவ்வளவு நேரம்?”

“அது எந்திரிக்கற வரைக்கும்.”

“அப்ப ஃபிளாஸ்க்ல காப்பி ஊத்தித் தரேன்.”

அன்று கணினி குழந்தை போலத் தூங்கியது. எவர்ட் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு சரியாகிவிட்டது என்று குனில்லாவுக்கு ஒரு சீட்டு எழுதினார். மறுநாள் அலமாரியில் துவைத்த சட்டை ஒன்றுகூட இல்லை. அதைக் கவனித்தார், ஆனால் யோசிக்கவில்லை. நேற்றைய சட்டையையே போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நிம்மதியாகத் தூங்கினார். திங்கட்கிழமை குனில்லாவின் சீட்டில் சிரிக்கும் முகம் இல்லை.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு. ஆற்றோரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எவர்ட் குல்லாயை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திருமண வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. கணினிக்குத் தெரியாமல் உட்கார்ந்தால்தான் அதைப் பிடிக்க முடியும் என்று அவருக்கு ஒரு எண்ணம். முற்றத்தைச் சுற்றி வந்து நிலவறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, அலுவலகத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாய் என்று நினைத்தார். பிறகு மெதுவாகப் புரள்கிற சத்தம். அது என்னவென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுவர் அதிரத் தொடங்கியது. கோப்பையில் இருந்த பேனாக்கள் கிலுகிலுத்தன. மேசை நடுங்கியது. மேசை மேல் கிடந்த மவுஸ் தானாக ஒரு நூல் அளவு நகர்ந்தது. திரை பளிச்சென்று எழுந்தது.

எவர்ட் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எவ்வளவு எளிது. மவுஸ் அசைந்தால் விழிக்கக் கூடாது என்று பல வருடத்துக்கு முன்பு அவரே கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார். புது ஃபர்ம்வேர் அந்த அமைப்பை அழித்து, தொழிற்சாலையில் இருந்தபடி மாற்றிவிட்டது. அடுத்த அறையில் சலவை இயந்திரம் பிழிய ஆரம்பித்தால் போதும், மேசை ஆடும், மவுஸ் அசையும், கணினி எழுந்துவிடும். கூட்டத்தில் பொன்டுஸ் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்து மகிழ்ந்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சலவை இயந்திரம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை. அவர் பூட்டிய அறையில். குல்லாயைக் கழற்றிவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற ஆளுக்குரிய நடையில் போய்க் கதவைத் திறந்தார்.

சோல்வேய் ஒரு படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் அவருடைய சட்டைகள் வரிசையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிற மாற்றுச் சாவி பக்கத்திலேயே கிடந்தது.

“வந்துட்டியா,” என்றாள். “அந்த முனையைப் பிடி.”

என்ன செய்வதென்று தெரியாமல் எவர்ட் பிடித்தார். “இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சோல்வேய்.”

“தெரியும். கதவுல எழுதி ஒட்டியிருக்கியே. உள்ள வரும்போதெல்லாம் படிக்கறேன்.”

“எவ்வளவு நாளா நடக்குது இது?”

“நீ பொறுப்பை எடுத்ததுலேர்ந்து. நல்லா இழு, சுருங்குது பாரு.”

“நமக்குத்தான் வியாழக்கிழமை இருக்கே.”

“வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு நான் என்ன பண்ணிட்டிருப்பேன்?”

குடியிருப்பில் எல்லோருடைய நேரமும் எவர்ட்டுக்கு மனப்பாடம். இதற்கு மட்டும் யோசிக்க வேண்டியிருந்தது. “வேலையிலேர்ந்து வருவ.”

“வந்து?”

“தூங்குவ.”

“ராத்திரி பூரா பெரியவங்களைத் தூக்கிப் புரட்டிப் போட்டுட்டு வந்து தூங்குவேன். நீ எடுத்த நேரத்துல யாரு துவைக்கறாங்கன்னு நினைச்ச?”

“நீதான்னு நினைச்சேன்.”

“நான்தான். நீ குறட்டை விடும்போது.” விரிப்பின் தன் முனையைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். “அந்த டப்பா ஏன் தூங்கலன்னு மாசக்கணக்கா வயரைப் புடுங்கிட்டு அலைஞ்ச. என்னை ஒருநாள் கேட்டிருப்பியா?”

எவர்ட் கேட்டதில்லை. மாணவியின் திரைச்சீலையைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் தான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை அவருக்கு நினைவு வந்தது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்ததுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. மாட்டிக்கொண்டவனின் வெட்கம் இல்லை. பக்கத்திலேயே படுத்திருந்தவளை இத்தனை வருடம் பார்க்காமல் இருந்ததன் வெட்கம். மடித்த விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“கூட்டத்துல சொல்லிடுவியா?” என்று கேட்டாள் அவள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எவர்ட் அலுவலகத்துக்குப் போய், இனி மேசை ஆடினாலும் கணினி எழாதபடி மவுஸை மல்லாக்கத் திருப்பி வைத்தார்.

கூட்டத்தில் காப்பியும் கேக்கும் முடிந்ததும் குனில்லா கேட்டார். “அப்ப காரணம் என்னன்னு கண்டுபிடிச்சியா, எவர்ட்?”

மவுஸ் என்று சொன்னால் அதிர்வு எங்கேயிருந்து என்று கேட்பான் பொன்டுஸ். சலவை இயந்திரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று எல்லோருமே கேட்பார்கள். எவர்ட் எழுந்து நின்றார். இரண்டாவது வரிசையில் பின்னல் ஊசி ஓய்ந்திருந்தது.

“என் தப்புதான். அந்த அப்டேட்டைப் போட்டிருக்கக் கூடாது.”

பொறுப்பு பொன்டுஸுக்குப் போயிற்று. எவர்ட்டுக்குக் கைதட்டலும் ஒரு கொத்து டியூலிப் பூவும் கிடைத்தன. அடுத்த தீர்மானமே ஞாயிற்றுக்கிழமையும் சலவை அறையைத் திறந்து வைப்பது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. எவர்ட்டும் கை தூக்கினார், இனி அவள் ஒளிந்து துவைக்க வேண்டியதில்லை என்ற நினைப்பில்.

முதல் ஞாயிறே சோல்வேய் கூடையோடு கீழே போய், அதே கூடையோடு திரும்பி வந்தாள். “ஒரு மெஷின் காலி இல்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே போன்ல புக் பண்ணிட்டாங்களாம். எனக்குன்னு இருந்த ஒரு ஞாயித்துக்கிழமையும் போச்சு.”

வியாழக்கிழமை காலை ஏழு மணி மட்டும் வழக்கம்போல் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. அவள் வேலையிலிருந்து வந்து படுத்ததும் எவர்ட் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். சலவைத் தூளை ஆலைக்காரன் கணக்காக அளந்து போட்டார். ஒரு சிவப்புக் காலுறையைப் பார்க்காமல் போட்டுவிட்டதில் வெள்ளைச் சட்டையெல்லாம் இளஞ்சிவப்பாக வந்தது. அதையே போட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த வியாழனும் போனார்.

அன்று சலவை அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. “வியாழன் காலை துவைப்பவர் கவனத்துக்கு: உலர்த்தியின் வடிகட்டியில் சிவப்புப் பஞ்சு இருந்தது. அடுத்தவரையும் நினைத்துப் பார்ப்போமே. பொன்டுஸ்.”

எவர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தார், தரையைத் துடைத்தார். துணியெல்லாம் காய்ந்ததும் மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டுக் கதவை மெதுவாகத் திறந்தார். உள்ளே சோல்வேய் தூங்கிக்கொண்டிருந்தாள்.