டிரம்முக்கு விட்ட இடம்

எங்கள் வீட்டின் பின்சுவரும் தோல் பதனிடும் டேனரியின் பக்கச்சுவரும் ஒன்றுதான். ஆம்பூரில் அது ஒரு அதிசயமில்லை. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் வாடை எங்கள் தலையணை வரைக்கும் வரும். ஏலகிரிக்குப் போகிற சொந்தக்காரர்கள் வழியில் இறங்கி, மூக்கைச் சுளித்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வாடையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. என் கணவர் அந்த டேனரியில் எலக்ட்ரீஷியன்.

அவருக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு உண்டு. நவம்பர் பிறந்தால் சோப்பு டப்பா அளவில் ஒரு சின்ன கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு வீட்டு முகப்பில் தொங்கவிடும் சீரியல் செட்டும் மாடியில் கட்டும் பெரிய ஸ்டாரும் பாட்டுக்குத் தகுந்தபடி எரிந்து அணைய வேண்டும். டேனரியில் கழித்துப்போட்ட ரிலே சுவிட்சுகளைக் கேட்டு வாங்கி, ஃபோனில் வீடியோ பார்த்து, தானே கற்றுக்கொண்டது. பாட்டு எங்கள் சபைப் பாடகர் குழு பாடிப் பதிவு செய்தது. அதில் நானும் இருக்கிறேன். எந்த அடிக்கு எந்த விளக்கு என்று பார்க்க அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார். நேரில் நான் பேசுவதை இதில் பாதி கேட்டிருந்தால் குடும்பம் எங்கேயோ போயிருக்கும் என்பேன். காதில் விழாது.

முதல் வருஷம் தெருவே கூடி நின்றது. பாட்டு பாதி ஓடும்போது டேனரியில் சாயங்கால டிரம்மைப் போட்டார்கள். டிரம் என்பது ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய மர உருளை. ஈரத் தோலும் மருந்துமாக அதை மோட்டார் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் தெருவின் கரண்ட் செத்துப் பிழைக்கும். விளக்கெல்லாம் மங்கி, கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி உயிர் வந்து, பாட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. தெரு சிரித்தது. அடுத்த வருஷம் கம்ப்யூட்டருக்கு மட்டும் பேட்டரி வைத்தார். பாட்டு தப்பித்தது; விளக்குகள்தான் பேய் பிடித்த மாதிரி துடித்தன.

டிரம் ஆபரேட்டர் இவருடைய கூட்டாளி, மசூதிப் பக்கத்துக்காரர். பாட்டு முடிகிற வரை டிரம்மைப் போடாமல் இருக்க முடியுமா என்று இவர் கேட்டிருக்கிறார். மருந்து ஊற்றிய தோலை அசையாமல் விட்டால் திட்டுத்திட்டாகிவிடும்.

"அவ்ளோ நேரம் என்னால நிறுத்தி வைக்க முடியாது தோஸ்த். நடுவுல ஒரு எடம் குடு, அப்ப போட்டுக்கறேன்" என்றாராம் அவர்.

இவர் கொடுத்தார். பாட்டை நடுவில் வெட்டி, எல்லா விளக்கும் அணைந்து சத்தமே இல்லாமல் கிடக்கும்படி ஓர் இடம். வெட்டியதும் எங்கே, பெண்கள் மட்டும் பாடும் வரிக்கு நேர் முன்னால். ஒரு வாரம் நான் இவரோடு பேசவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று கேட்டபோது எனக்கே சிலிர்த்துவிட்டது. டிரம் ஷெட் வாசலில் நின்றால் எங்கள் மாடி ஸ்டார் தெரியும். அது அணைந்ததும் ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டார். இருட்டில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தொம் என்று கிளம்பியது, தரை லேசாக அதிர்ந்தது, கரண்ட் நிதானத்துக்கு வந்தது. அப்புறம் அத்தனை விளக்கும் ஒரேயடியாக எரிய, நாங்கள் பாடினோம். வெளியாட்கள் அந்தத் தொம்மை மேளம் என்றே நினைத்தார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது.

போன வருஷம் ஆர்டர் கம்மி என்றார்கள். பிறகு ஒரு ஷிஃப்ட் போதும் என்றார்கள். பிறகு கேட்டில் பூட்டு தொங்கியது. ஆபரேட்டர் ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். என் அண்ணன் ஆப்பிரிக்காவில் ஒரு டேனரியில் இருக்கிறார். அங்கே எலக்ட்ரீஷியன் வேலை இருக்கிறது, மாப்பிள்ளையை வரச்சொல் என்று ஃபோன் மேல் ஃபோன் போட்டார். இவர் அசையவில்லை. இங்கே மறுபடி திறப்பார்கள் என்று அடித்துச் சொன்னார்.

"தண்ணி இல்லாம வெச்சா டிரம் மரம் காஞ்சி வெடிச்சிடும். யாராவது அப்படி காய வுடுவாங்களா?"

வேலை போனதைக்கூடத் தாங்கினேன். இந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஃபேன் மாட்டப் போவார், சாயங்காலமானால் பின்சுவர் ஓரம் போய் நிற்பார். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். தோல் வாடை குறையக் குறைய எனக்குப் பயம் ஜாஸ்தியானது.

நவம்பர் வந்ததும் மறுபடி அந்த விளக்குப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் ஆபரேட்டர் ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டு விளக்கை முன்னால் நின்று பார்த்தது அதுதான் முதல் முறை. பாட்டு ஆரம்பித்தது, விளக்குகள் ஓடின. நடுவில் எல்லாம் அணைந்தது.

அந்த இடத்தை இவர் எடுக்கவே இல்லை. மறந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இவரும் ஆபரேட்டரும் விளக்குக்கு முதுகு காட்டி, டேனரிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பூட்டிய கேட்டுக்குள் யார் வந்து சுவிட்சைப் போடுவார்கள்? தெரிந்தேதான் நின்றார்கள். சொன்னால் வெட்கம், நானும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாய் குரைத்தது. அப்புறம் விளக்குகள் எரிந்தன, நாங்கள் பாடினோம், பாட்டு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்த வருஷம்தான் கரண்ட் மங்காமல் அழகாக வந்தது என்று பக்கத்து வீட்டம்மா பாராட்டிவிட்டுப் போனாள்.

ஆபரேட்டர் இவர் தோளைத் தொட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போனார். இவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மரம் காஞ்சிருக்கும்," என்றார். "உங்க அண்ணனுக்கு வர்றேன்னு சொல்லிடு."

அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் மாதக்கணக்கில் அவரைப் பிடுங்கித் தின்றிருந்தேன். வந்ததும் அழுகைதான் வந்தது. போக வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சொல்லிவிட்டு உலையில் எதைப் போடுவது?

இந்த டிசம்பரில் ஆப்பிரிக்காவிலிருந்து ஃபோனில் சொல்கிறார், பெட்டியை எடுத்து மாட்டு, அந்த நடு இடத்தை மட்டும் எடுத்துவிடு, எப்படியென்று வீடியோவில் காட்டுகிறேன் என்று. எனக்கு அதெல்லாம் வராது என்று பொய் சொன்னேன். பெட்டி பரண் மேலேயே கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வாடைகூட இல்லை.

சில நாள் வேலை செய்யும் இடத்திலிருந்தே கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் டிரம் ஓடுவது கேட்கும். பேசி முடித்ததும் உடனே வைக்க வேண்டாம் என்பேன்.

"இன்னாத்துக்கு?" என்பார்.

"சும்மாதான்" என்பேன்.