என் ப்ளாக்கை நம்பி மூன்று நாள் அலைந்த அப்பாவும் மகளும்

திங்கட்கிழமை காலை, அவனியாபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை.

எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் மகளும் நின்றார்கள். அப்பா வெல்டிங் பட்டறையில் கூலிக்கு வேலை பார்ப்பவர். சட்டை முழுக்கப் பொறி விழுந்த பொத்தல்கள். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்திருக்கிறாள்.

"இந்தப் பக்கத்த அப்படியே பிரிண்டு எடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் போனை நீட்டினாள்.

பிரிண்டரிலிருந்து வந்த தாளை எட்டிப் பார்த்தேன்.

என் ப்ளாக்.

'முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குவது எப்படி? என் அனுபவம்.' காலேஜில் சேர்ந்த புதிதில் எழுதியது. வீட்டில் இதற்கு முன் யாரும் டிகிரி முடித்ததில்லை என்பதற்கான சான்றிதழ் அது. இருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

உண்மையைச் சொன்னால் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ப்ளாக்கில் அறுபது கவிதை எழுதியிருக்கிறேன் (யாருக்காக என்று கேட்காதீர்கள், அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள்). ஒருத்தரும் படித்ததில்லை. முதல்முறையாக என் எழுத்தை ஒருவர் காசு கொடுத்து பிரிண்ட் எடுக்கிறார்.

"எதுக்குண்ணே பிரிண்டு?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"தாலுகா ஆபீஸ்ல கொண்டுபோய் காமிக்கத்தான் தம்பி. போன வாரம் மூணு நாளு லீவு போட்டு அலைஞ்சேன். வி.ஏ.ஓ. கிட்ட கையெழுத்துக்குப் போனா, ஆன்லைன்ல போடுங்கங்குறாரு. தாலுகா ஆபீஸ்லயும் அதையேதான் சொல்லுறாங்க. இதுல பாருங்க, நேர்ல போகணும்னு தெளிவா போட்டிருக்கு. படிக்காத ஆளுன்னு நம்மளத்தான் அலைய விடுறாங்க."

கடைக்காரர் நீட்டிய தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சர்டிபிகேட்ட ஏத்தணும். இல்லேன்னா பீஸ முழுசா கட்டணும். அம்புட்டுக்கு நான் எங்க போவேன்?"

"அண்ணே, அது பழைய முறை. இப்ப இ-சேவை மையத்துலதான் போடணும். ஆபீஸ்ல சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"அப்ப இத எழுதுனவன் எதுக்கு இன்னும் நெட்டுல வச்சிருக்கான்? படிச்ச பயதான? அவன் மட்டும் கையில கெடச்சான்..."

"விடுங்கண்ணே, கோவப்பட்டு என்னாகப் போகுது" என்றேன். (அந்த வாக்கியம் முடிவதில் எனக்கு விருப்பமில்லை.)

ஆமாம், நான்தான் என்று சொல்லவில்லை. கோழைதான். திட்டிக்கொள்ளுங்கள்.

ஆபீஸுக்கு பெர்மிஷன் போட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குக் கூடவே போனேன். விண்ணப்பம் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது. "எவனோ எழுதுனதுக்கு நீங்க வேல மெனக்கெட்டு வாரீங்களே தம்பி" என்று அந்த அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடும்மா என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ப்ளாக் வைத்திருக்கும் மக்களே, பதிவின் உச்சியில் தேதி போட்டுத் தொலையுங்கள். என் பக்கத்தில் தேதி தெரிந்தால் அழகு கெடுகிறது என்று நானே அதைத் தூக்கியிருந்தேன். அழகுக்கு மூன்று நாள் கூலி விலை. கொடுத்தது அவர்.

சரி, பதிவையாவது திருத்துவோம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

மறந்தவர்களுக்கு ஓ.டி.பி. வருமாம். எந்த நம்பருக்கு? ரீசார்ஜ் செய்யாமல் நான் செத்துப்போகவிட்ட பழைய நம்பருக்கு. அது இப்போது யாரோ ஒருவரிடம் உயிரோடு இருக்கிறது. கூப்பிட்டேன்.

"அண்ணே, வணக்கம். உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அத மட்டும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"ஏன்டா, நேத்து ஒருத்தன் பேங்க் மேனேஜர்னான். நீ யாரு?"

"இது என் பழைய நம்பர்ண்ணே. ஒரு ப்ளாக் வச்சிருந்தேன், அதத் திறக்கணும்..."

"புதுசு புதுசா யோசிக்கிறீங்கடா" என்று வைத்துவிட்டார். ப்ளாக் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் என்னை ப்ளாக் செய்துவிட்டார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி, அதுதான் இன்னும் எரிச்சல்.

ப்ளாக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். பழைய நம்பரை உறுதி செய்யவும் என்று பதில் வந்தது. நான் எழுதியதை நானே தொட முடியவில்லை. ஆனால் உலகமே படிக்கிறது.

இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, சர்டிபிகேட் வந்துருச்சு. கவுன்சிலிங்லயும் ஏத்தியாச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும். அந்த ப்ளாக்க எழுதுனது நான்தான். மன்னிச்சுரும்மா."

"தெரியும்ண்ணே. ப்ளாக் ஓரத்துல உங்க போட்டோ இருக்குல்ல."

"அப்புறம் ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"அப்பா கோவத்துல இருந்தாரு. அதான்."

பிறகு அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"போன மாசமே அதுக்குக் கீழ கமெண்ட்ல கேட்டேன்ணே, இப்பவும் இப்படித்தான் வாங்கணுமான்னு. நீங்க ஒப்புதல் குடுத்தாத்தான் கமெண்ட் வரும்னு காமிச்சுச்சு. தெனமும் போய்ப் போய்ப் பாத்தேன். வரவே இல்ல."

எவனோ ஒருவன் என் கவிதையைக் கேலி செய்தான் என்று அந்தப் பூட்டைப் போட்டதும் நான்தான். அதற்குள் இன்னும் எத்தனை பிள்ளைகளின் கேள்வி கிடக்கிறதோ, தெரியவில்லை.

மூன்றே நாளில் வி.ஏ.ஓ. ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆர்.ஐ. கொடுத்துவிட்டார். துணை தாசில்தாரும் கொடுத்துவிட்டார்.

அவள் கேள்வி மட்டும் இன்னும் என்னிடம் பெண்டிங்.